ஐந்து புள்ளி ஒன்று

மட்டாஞ்சேரி ஜூ டவுனில், உள்ளே ஒன்றுமே இல்லாத ரேடியோவுக்குத்தான் விலை அதிகம். வால்வுகளைக் கழற்றி எறிந்துவிட்டு மரப்பெட்டிக்குப் பாலிஷ் போட்டு, 1568இல் கட்டிய யூதர் ஜெபாலயத்தைப் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி வாசலில் வைத்தால் போதும். பாடுகிற ரேடியோவை அந்தத் தெருவில் யாரும் சீண்டமாட்டார்கள்.

நான் சிறுவனாக இருந்தபோது அங்கே விற்றது மிளகும் சுக்கும். அப்பா ஒரு மிளகுக் கிடங்கில் கணக்கு எழுதினார். சாப்பாட்டுத் தூக்கைக் கொடுக்கப் போகும்போது இப்ஸ்டா வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பேன். 1957இல் தொடங்கிய இந்தியா பெப்பர் அண்டு ஸ்பைஸ் டிரேடு அசோசியேஷனைத்தான் ஊரில் அப்படிச் சொல்வோம். மிளகின் முன்பேர வியாபாரம் முழுக்க அங்கே தொண்டையால் நடந்தது. முன்னால் விற்கிறவர் கத்துவார், பின்னாலிருந்து வாங்குகிறவர் கத்துவார், இரண்டு பக்கமும் டெலிபோனில் பம்பாய்க்குக் கத்துவார்கள். சரவுண்ட் சவுண்டு எனக்கு அறிமுகமானது அந்த வாசலில்தான். பிறகு கம்ப்யூட்டர் வந்து அத்தனை பேர் வாயையும் மூடிவிட்டது.

வீட்டில் எங்களுக்கு இருந்தது பக்கத்துத் தெரு கல்ஃப்காரர் கழித்துக் கட்டிய ஒரு டூ-இன்-ஒன். கேசட் மூடி இல்லை. ஒரு பக்க ஸ்பீக்கரும் இல்லை. அண்ணன் அதை ரேடியோ ரிப்பேர் இக்காவிடம் தூக்கிக்கொண்டு போனான். இக்கா கடையில் எதையும் தூக்கி எறிந்து நான் பார்த்ததில்லை. கோயில் திருவிழாவில் அடிபட்ட குழாயிலிருந்து கப்பல் சாமான் ஏலத்தில் வந்த ஆம்ப்ளிஃபயர் வரை பரணில் கிடக்கும். பென்சில் பேட்டரியை ஸ்பீக்கர் கம்பிகளில் ஒரு கணம் தொடச் சொல்லிக்கொடுத்தார். கோன் வெளியே தள்ளினால் பேட்டரியின் பிளஸ் தொட்டதுதான் ஸ்பீக்கரின் பிளஸ். ஒன்று வெளியே தள்ள மற்றது உள்ளே இழுத்தால் பாஸ் மாயமாகிவிடும். இன்றைக்கும் இதைவிடச் சுருக்கமான சோதனை எனக்குத் தெரியாது.

பெட்டி செய்யப் பலகை வாங்கக் காசில்லை. அம்மாவின் மண்குடம் ஒன்று வாய் விளிம்பு உடைந்து கிடந்தது. ஆறு இன்ச் ஸ்பீக்கரை அதன் வாயில் கவிழ்த்தோம். ஸ்பீக்கரின் முதுகுப்பக்கச் சத்தம் முன்பக்கச் சத்தத்தோடு மோதி அதை அடிக்காதபடி குடம் தடுத்துவிடும். உள்ளே அடைபட்ட காற்றும் சேர்ந்து முழங்கும். அம்மாவுக்கு இந்த விளக்கம் தேவைப்படவில்லை. “குடம் போனது போகட்டும், குழாயில தண்ணி வர்ற நேரத்துல இதைப் போடாதீங்கடா” என்றாள். அதே மாதிரி சுட்ட மண் ஸ்பீக்கரை இப்போது கைவினைப் பொருள் என்று ஆயிரக்கணக்கில் விலை போட்டு விற்கிறார்கள். எங்கள் குடத்துக்கு நாங்கள் யாரும் அப்படிப் பெயர் வைக்கவில்லை.

அப்புறம்தான் பேராசை பிடித்தது. 1982இல் ‘படையோட்டம்’ வந்திருந்தது. 70 எம்எம், ஆறு ட்ராக் ஸ்டீரியோ. எடுத்தது நவோதயா, ஸ்டுடியோ இருந்தது காயலுக்கு அந்தப் பக்கம், காக்கநாட்டில். படகேறி எர்ணாகுளம் போய்ப் பார்த்து வந்த அண்ணன், முதுகுக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது என்று ஒரு வாரம் தூங்கவிடவில்லை. எங்கள் வீட்டிலும் முதுகுக்குப் பின்னால் சத்தம் வந்தாக வேண்டும்.

வழி இருந்தது. 1970களின் தொடக்கத்தில் டேவிட் ஹாஃப்லர் என்ற அமெரிக்கர் பிரபலமாக்கியது. மூன்றாவது ஸ்பீக்கரின் இரண்டு கம்பிகளையும் ஆம்ப்ளிஃபயரின் இடது சிவப்பு முனையிலும் வலது சிவப்பு முனையிலும் மாட்டிவிட வேண்டும், அவ்வளவுதான். இரண்டு சேனலிலும் பொதுவாக இருப்பது கழிந்துவிடும். வித்தியாசம் மட்டும் அந்த ஸ்பீக்கரில் பாடும். இக்காவுக்கு ஹாஃப்லர் யாரென்று தெரியாது, வித்தை தெரியும். கேசட்டுக்கும் பஞ்சமில்லை. ஸ்டீரியோவில் பதிவான 1978ஆம் வருஷத்து ‘ப்ரியா’வே இருந்தது. மூன்றாவது ஸ்பீக்கரை அடுக்களை வாசலில், பாட்டி உட்காரும் மூலைக்கு மேலே கட்டினோம்.

பாடகரின் குரலை நடுவில் நிற்கிற மாதிரி இரண்டு சேனலிலும் ஒரே அளவில்தான் வைப்பார்கள். ஆகவே கழிந்தது அவர்தான். பாட்டிக்கு வயலினும் எதிரொலியும் வந்தன. “வாத்தியம் எல்லாம் வந்தாச்சு, பாடறவன் எங்கேடா?” என்று கேட்டாள். ஸ்டீரியோ அப்படித்தான் பாட்டி என்றோம்.

இப்போது காலம் மாறிவிட்டது. காக்கநாட்டில் இன்ஃபோபார்க் வந்து, அதைச் சுற்றி அடுக்குமாடிகள் வந்து, அங்கே குடியிருப்பவர்கள் ஊர் மாறும்போதெல்லாம் ஹோம் தியேட்டரைக் கழித்துக் கட்டுகிறார்கள். அன்று கல்ஃப்காரர், இன்று ஐடிக்காரர். என் வீட்டுக்கு வருவது மட்டும் எப்போதும் இரண்டாம் கை. ரிசீவர் ஜப்பான். முன் ஸ்பீக்கர் இரண்டும் கொல்கத்தாவின் சோனோடைன். பின் ஜோடிக்குக் கோனைச் சுற்றியிருந்த ஃபோம், காயல் காற்றின் ஈரத்தில் ஊறி விரல் பட்டதும் புட்டு மாதிரி உதிர்ந்தது. ரப்பர் வளையம் ஒட்டிக் கரையேற்றினேன். நடு ஸ்பீக்கர் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று பின்னாலுள்ள லேபிளிலும் இல்லை. இந்த இடத்தில் மட்டாஞ்சேரியின் கொங்கணி, குஜராத்தி, தமிழ், அரபி எல்லாவற்றையும் இழுத்து ஒரு பத்தி எழுதலாம். அதைச் சுற்றுலாத் துறைக்கு விட்டுவைக்கிறேன்.

ரிசீவர், டிவி சத்தத்தை எச்டிஎம்ஐ கம்பியிலேயே திருப்பி அனுப்பும் ஏஆர்சிக்கு முந்தைய காலத்தது. ஆகையால் டிவியின் சத்தம் ஆப்டிகல் கம்பி வழியாகப் போகிறது; 5.1 வரைக்கும் போகும், அட்மாஸ் போகாது. படம் பார்க்க நான்கு ரிமோட் வேண்டும். என் மனைவி நான்கையும் ஒரு தட்டில் வைத்து, “சார்ஜ் எடுத்துக்கோங்க” என்று நீட்டுகிறாள். முன்னும் பின்னும் நடுவும் வேறு வேறு உணர்திறன் கொண்டவை என்பதால் வெடிச் சத்தம் கூரையைத் தூக்கும், வசனம் கிசுகிசுக்கும். வசனமெல்லாம் போவது அந்த அனாதை நடு ஸ்பீக்கருக்கு. தமிழ்ப் படத்துக்கு நாங்கள் சப்டைட்டில் போட்டுப் பார்க்கிறோம். மகன் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுகிறான்.

இதைச் சரிசெய்ய ரிசீவரோடு ஒரு குட்டி மைக் உண்டு. சோஃபாவில் வைத்தால் ஒவ்வொரு ஸ்பீக்கராக ஊளையிட வைத்து, சத்தம் வந்துசேரும் நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடும். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். ஒரு மீட்டருக்கு மூன்று மில்லி விநாடி. ஐந்து பெட்டிகளைச் சரியாகவே சொன்னது. சப்-ஊஃபருக்கு மட்டும் ஏழு மீட்டர் என்றது. உள்ளேயிருக்கும் ஃபில்டர் சத்தத்தைத் தாமதப்படுத்துவதால் அப்படித்தான் காட்டும், தூரத்தை மாற்றாதே என்கிறது கையேடு. எங்கள் கூடமே ஏழு மீட்டர் கிடையாது. அந்தக் கணக்குப்படி என் ஊஃபர் பொதுச்சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டில் இருக்க வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுச் சேச்சி வாசலில் நின்றார். சண்டைதான் என்று நினைத்துக் குறைத்துவிடுகிறேன் என்றேன்.

“அதல்ல சேட்டா. இங்ஙோட்டு வெடி மாத்ரமே கேள்க்குந்நுள்ளூ. டயலாக் கூடே ஒந்நு விட்டூடே?”