எரியோட்டுப் பிக்கப்: இரவல் கோட்பாட்டு நோக்கில் ஓர் ஆய்வு

ஒரு வண்டி பழையதா இல்லையா என்பதை ஆர்.சி. புக்கைப் பார்த்து முடிவுசெய்வது அறிவியல் ஆகாது. எரியோட்டில் வழங்கும் அளவுகோல் வேறு. சாவி இல்லாமல் அதன் கதவைத் திறக்கத் தெரிந்தவர்கள் ஊரில் எத்தனை பேர் என்று பார்க்க வேண்டும். ஒருவருக்கும் தெரியாவிட்டால் வண்டி புதிது. ஓனரின் மச்சானுக்கும் டீக்கடைக்காரருக்கும் தெரிந்திருந்தால் நடுவயது. பள்ளிக்கூடப் பையன் ஒருவன் கண்ணாடி இடுக்கில் ஸ்கேலை விட்டுத் திறந்து, சீட்டில் மறந்துபோன டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, கதவை மறுபடி சாத்திவிட்டும் போனால், அந்த வண்டி இக்கட்டுரையின் எல்லைக்குள் வந்துவிட்டது.

ஆய்வுக்களமான எரியோடு, திண்டுக்கல் மாவட்டம் வேடசந்தூர் வட்டத்தில் உள்ள பேரூராட்சி. திண்டுக்கல்–கரூர் ரயில் பாதையில் அதற்கென்று ஒரு ஸ்டேஷன் உண்டு. சுற்றிலும் நூற்பாலைகள், மானாவாரிக் காடுகள். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று வண்டியின் தகரத்தைத் தின்றுவிடும். இங்கே காற்றில் ஈரமும் இல்லை, உப்பும் இல்லை. தகரம் நெடுநாள் வாழும். அந்த ஆயுளைக் குறைக்கும் பொறுப்பை ஆடுகள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. அதைப் பிறகு காண்போம்.

ஆய்வுப் பொருள் இரண்டு இனம். முதலாவது குட்டியானை என்று ஊர் அழைக்கும் டாடா ஏஸ். 2005 மே மாதம் பிறந்த இனம். இரண்டு சிலிண்டர், 702 சி.சி., 16 குதிரைத்திறன். முக்கால் டன் ஏற்றலாம் என்பது கம்பெனிக் கணக்கு. ஏற்றுகிறவர் கணக்கு இங்கே வேண்டாம். இரண்டாவது இனம், குட்டியானையைவிடப் பெரியதும் லாரியைவிடச் சிறியதுமான அனைத்தும். இதற்குப் ‘பிக்கப்’ என்று பெயர். பெரும்பாலும் மகிந்திரா பொலிரோவாக இருக்கும், நாலு சிலிண்டர். குட்டியானைக்காரர் பிக்கப்காரரை ‘டீசலைக் குடிக்கிற வண்டி வச்சிருக்கிறவன்’ என்பார். பிக்கப்காரர் பதில் சொல்வதில்லை. ஓவர்டேக் எடுத்துப் போய்விடுவார்.

முன்னாய்வு என்று பார்த்தால் ஆஸ்திரேலியாவில் ஒன்று கிடைக்கிறது. 1932இல் கிப்ஸ்லேண்ட் பகுதி விவசாயி ஒருவரின் மனைவி ஃபோர்டு கம்பெனிக்குக் கடிதம் எழுதினார்: ஞாயிற்றுக்கிழமை நனையாமல் சர்ச்சுக்குப் போகவும், திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்கு ஏற்றவும் ஒரே வண்டியாக இருந்தால் தேவலை. ஜீலாங் தொழிற்சாலையில் லூ பேண்ட் என்ற இளைஞர் அதை வரைந்தார். 1934இல் ‘யூட்’ என்ற வண்டி வந்தது. அந்த அம்மாள் எரியோட்டுக்காரராக இருந்திருந்தால் கடிதம் எழுதியிருக்கவே மாட்டார். அய்யலூர் ஆட்டுச்சந்தை வியாழக்கிழமை. கெடா வெட்டு ஞாயிற்றுக்கிழமை. சந்தையில் ஏறிய அதே ஆடுதான் கோயிலுக்கும் போகிறது. வழிபாட்டையும் கால்நடைப் போக்குவரத்தையும் தனித்தனி வேலைகளாகப் பிரிக்கும் சிக்கல் நமக்கு எழுந்ததே இல்லை.

வெளிநாட்டார் பழைய பிக்கப் ஒன்று வாங்கினால், அதற்கென்று கூடாரம், குளிர்பெட்டி, இரண்டாவது பேட்டரி, இழுவைக் கொக்கி என்று ஒவ்வொன்றாகக் கடையில் வாங்கிப் பூட்டுகிறார்கள். பிறகு காட்டில் போய்த் தங்கி, சொந்தச் செலவில் சிரமப்படுகிறார்கள். எரியோட்டில் இராத்தங்கல் என்பது குலதெய்வக் கோயிலில்தான், தனியாக யாரும் போவதும் இல்லை. இக்கட்டுரையின் கருதுகோள் இதுவே: பழைய பிக்கப்பில் எஞ்சினும் சேஸிஸும் மட்டுமே ஓனருடையவை, மற்ற சாமான் அனைத்தும் இரவல். வண்டி ஒருநாளும் முழுமையாக இருப்பதில்லை. புறப்படுவதற்கு முந்தின இரவு எட்டு மணிக்குமேல்தான் அது உருவாகத் தொடங்குகிறது.

இரவலுக்கு உறவுமுறை இலக்கணம் உண்டு. குலதெய்வம் பங்காளிகளுக்குப் பொது என்பதால் அண்டா, குண்டான், கரண்டி எல்லாம் பங்காளி வகை. டீசல் செலவும் தலைக்கட்டு வரியில் வந்துவிடும். மாமன் மச்சான் வகையறா விருந்தாளிகள்; ஆகையால் வரி கிடையாது, அதற்குப் பதில் தார்ப்பாய் கொடுக்க வேண்டும். பங்காளி கொடுத்தால் கணக்கு வைப்பான். மச்சான் கணக்கு வைக்க மாட்டார், சபையில் சொல்லிக்காட்டுவார். எது மலிவு என்பது பற்றி அறிஞரிடையே கருத்தொற்றுமை இல்லை. களத்தில் பதிவான உரையாடல் ஒன்று:

“மச்சான், தார்ப்பா ஒரு நாளைக்கு வேணும்.”

“போன கெடா வெட்டுக்கு வாங்கிட்டுப் போனதே இன்னும் வரல மாப்ள.”

“அதத்தான் மச்சான் கேக்குறேன். அது எங்க இருக்குன்னு தெரியுமா?”

கயிறு மாடு வைத்திருக்கும் வீட்டிலிருந்து வரும். நீல டிரம் வீடு கட்டிக்கொண்டிருப்பவரிடமிருந்து வரும். அந்த ஒரு நாள் அவர் வீட்டுச் சுவருக்குத் தண்ணீர் கிடையாது. ஜாக்கி ஏதேனும் ஒரு லாரி டிரைவருடையது. டூல்ஸ் பெட்டியில் மட்டும் திண்டுக்கல் பூட்டு தொங்கும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டு, கள்ளச்சாவிக்கு மசியாது. உள்ளே ஒரு ஸ்பேனர், கொஞ்சம் வேஸ்ட் துணி, காய்ந்த எலுமிச்சம்பழம். பூட்டின் சாவி பூட்டிலேயே தொங்கும். இரவல் கேட்டு வருகிறவர் அலையக்கூடாது அல்லவா.

கூடார இயல் எளிது. தொட்டியின் இரு பக்கமும் ஆங்கிள் வெல்டிங் அடித்திருப்பார்கள். தார்ப்பாயின் ஒரு விளிம்பை அதில் கட்டி, மறு விளிம்பை இரண்டு சவுக்குக் கம்பில் நிறுத்தினால் பத்துப் பேர் படுக்கலாம். தார்ப்பாயில் ஓட்டை இருப்பது குறையன்று. மழைநீர் பள்ளம் கட்டி நின்று மொத்தமாகக் கவிழாமல் அது காக்கும். டெயில் டோரைக் கிடைமட்டமாக இறக்கிச் சங்கிலியில் நிறுத்தினால் அதுவே காய் நறுக்கும் மேசை. பகலில் அதில் வெங்காயம், இரவில் சீட்டாட்டம். சமையல்காரருக்கும் சீட்டாடுவோருக்கும் எல்லைத் தகராறு வரும் நேரம் சுமார் ஏழரை.

பராமரிப்பில் முதலிடம் கமான் பட்டைக்கு. பழைய வண்டி என்றால் பட்டறையில் கட்டாயம் ஒரு பட்டை கூடுதலாகப் போட்டிருப்பார்கள், பாரம் தாங்குவதற்கு. இதன் தத்துவச் சிக்கல் என்னவென்றால், பட்டை கூடிய வண்டி பாரம் இருக்கும்போது மட்டுமே சுகமாகப் போகும். வெறும் தொட்டியோடு போனால் ஒவ்வொரு வேகத்தடையும் முதுகெலும்பில் கையெழுத்துப் போடும். எனவே போகும்போது அரிசி, விறகு, தண்ணீர், ஆடு எல்லாம் ஏறி அமைதியாகப் போகும் வண்டி, எல்லாம் தின்று தீர்ந்தபின் காலி அண்டாக்களோடு ஊரே எழுந்துகொள்ளும்படி திரும்பி வருகிறது. பின்பாரம் மிகுந்தால் முன்பக்கம் தூக்கி, ஹெட்லைட் சாலையை விட்டுவிட்டு எதிரே வருபவரின் கண்ணைப் பார்க்கும். இதற்கு லைட்டைக் கொஞ்சம் இறக்கி வைத்தால் போதும், ஸ்குரூ டிரைவர் ஒன்று போதுமான வேலை. செய்பவர் அரிது.

இனி ஆடு. ஆட்டு மூத்திரத்தில் உள்ள உப்பும் யூரியாவும் தொட்டித் தகரத்தின் மூலைகளில் தங்கி அரிக்கும். பெயின்ட் உரிந்த இடத்தில் வேலை விரைவாக நடக்கும். மணல் அல்லது வைக்கோல் பரப்பி ஏற்றி, இறக்கிய அன்றே கூட்டித்தள்ளி, தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். பெரும்பாலோர் மறுநாள் என்று தள்ளிவைத்து, மறுநாள் வேறு லோடு கிடைத்து, மழைக்கு விட்டுவிடுவார்கள். வேடசந்தூர்ப் பக்கத்து மழையை நம்பிக் கழுவாமல் விட்ட தொட்டியை எந்த டிங்கராலும் மீட்க முடிவதில்லை.

இழுவைக்கு வருவோம். இங்கே பிக்கப் இழுப்பது படகும் வீட்டு வண்டியும் அல்ல, காங்கிரீட் கலவை மிஷின். அதற்கு ஸ்பிரிங் கிடையாது, பிரேக் கிடையாது, டெயில் லைட்டும் கிடையாது. பின்னால் வருவோருக்கு எச்சரிக்கையாக ஒரு சிவப்புத் துணியோ வேப்பங்கொத்தோ. அமெரிக்கக் கையேடுகள், இழுபடும் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின்மேல் அமர வேண்டும் என்கின்றன. குறைந்தால் இழுபடுவது வாலாட்டும். மிகுந்தால் இழுக்கும் வண்டியின் முன்சக்கரம் தரையில் பிடி இழந்து ஸ்டியரிங் லேசாகிவிடும். மாட்டுவண்டி ஓட்டியவர்கள் இதை முன்பாரம், பின்பாரம் என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டார்கள். முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து நோகும். பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே தூக்கிப் பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கும். சுமையை ஒரு முழம் நகர்த்தினால் சரியாகிவிடும். சதவீதத்தை அவர்கள் மாட்டின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். பிக்கப்புக்கு முகம் இல்லாததால் கணக்குப் போட வேண்டியிருக்கிறது: 700 கிலோ மிஷினுக்குக் கொக்கியில் 70 கிலோ, அதாவது நடுத்தர உடம்புள்ள ஒரு மேஸ்திரி. சில இடங்களில் மேஸ்திரியே இழுவைக் கம்பியில் ஏறி நின்று இதைச் சரிசெய்கிறார். கணக்கு சரி, காரியம் தவறு. இறங்கச் சொல்ல வேண்டும்.

தொட்டியில் ஆட்களை ஏற்றுவது பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது? 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் 1994இல் வந்த திருத்தம், சரக்கு வண்டியில் வரும் சரக்கின் சொந்தக்காரரையோ அவருடைய பிரதிநிதியையோ காப்பீட்டுக்குள் கொண்டுவந்தது. சும்மா ஏறி வருபவருக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பல்ல என்று ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஊருக்கு இது புரிந்த விதம் வேறு. ஒரு ஆட்டுக்கு இருபத்தேழு சொந்தக்காரர்கள் இருக்க முடியுமா? தலைக்கட்டு வரி ரசீது காட்டினால் முடியும் என்பது டீக்கடைத் தரப்பு. இத்தரப்பை இக்கட்டுரை ஏற்கவில்லை. பெண்டு பிள்ளைகளை வேனிலோ பஸ்ஸிலோ அனுப்பிவிட்டு, தொட்டியை அண்டாவுக்கும் ஆட்டுக்கும் விடுவதே முறை. ஆடு வழக்குப் போடாது.

எஃப்.சி. காட்டுவதும் இரவல் இயலின் ஒரு கிளைதான். எட்டு வயதுக்குமேல் ஆண்டுக்கொரு முறை காட்ட வேண்டும் என்பது விதி. அந்த நாளில் மட்டும் பழைய வண்டிக்குப் பட்டன் தெரியும் ஸ்டெப்னி, முதலுதவிப் பெட்டி, தீயணைப்பான் எல்லாம் முளைக்கும். ஒரே முதலுதவிப் பெட்டி ஒரே மாதத்தில் பல வண்டிகளில் வேலை பார்ப்பதுண்டு. உள்ளே இருக்கும் பஞ்சுக்கு இந்நாள்வரை ஒரு காயமும் பார்த்த அனுபவம் இல்லை.

கருதுகோளுக்கு இறுதிச் சோதனை, வண்டியை விற்கும்போது நடக்கிறது. கரூர்ப் பக்கத்திலிருந்து பார்ட்டி ஒருவர் வருகிறார். டயரை உதைத்துப் பார்க்கிறார், குனிந்து பட்டைகளை எண்ணுகிறார், கொக்கியை ஆட்டிப் பார்க்கிறார். “இதெல்லாம் சேர்த்துத்தானேண்ணே ரேட்டு?”

கொக்கி கலவை மிஷின் ஓட்டுகிற மச்சானுடையது, கேட்டுக்கொண்டே இருக்கிறார். ஆங்கிள் பங்காளி வகை, தார்ப்பாய் மச்சான் வகை. ஸ்டெப்னி எஃப்.சி.க்கு வாங்கியது, திருப்ப வேண்டும். பேட்டரி தம்பி டிராக்டரிலிருந்து கழற்றியது.

“அப்ப உங்களுதுன்னு வண்டியில என்னதாண்ணே இருக்கு?”

ஓனர் கொஞ்ச நேரம் யோசித்தார். “டியூ இருக்கு தம்பி. இன்னும் பதினோரு மாசம்.”