வாலாட்டி வென்ற வம்சம்

முதுகுளத்தூர், கடலாடி, சாயல்குடிப் பக்கம் புஞ்சைக் காட்டில் மண்வெட்டி போடும்போது என்றைக்காவது ஒருநாள் மண்ணோடு மண்ணாக, பழுப்பு நிறத்தில் மொழுமொழுவென்று ஒரு பாம்பு புரண்டு வரும். தலையும் வாலும் ஒரே பருமன். ஓடாது, சீறாது. தலையை உடம்புச் சுருளுக்கு அடியில் செருகிக்கொண்டு, வாலை மட்டும் மெல்லத் தூக்கி, அடிப்பதாக இருந்தால் இங்கே அடி என்று காட்டும். அதன் மொத்தப் போர்த்தந்திரமும் இவ்வளவுதான். இந்த ஒன்றை வைத்துக்கொண்டே அது கீரி, பருந்து தொடங்கி பாம்பாட்டி, பேராசிரியர், ரியல் எஸ்டேட் புரோக்கர் வரை ஒருவர் விடாமல் ஏமாற்றியிருக்கிறது. அந்த வரலாற்றைக் கொஞ்சம் மரியாதைக் குறைவாகத்தான் சொல்ல முடியும்.

ஊரில் இதற்குப் பெயர் மண்ணுளிப் பாம்பு. விற்க வருகிறவன் வாயில் மட்டும் இருதலை மணியன். இரண்டு தலை என்றால் எது தலைவர் என்ற சிக்கல் வருமே? அதற்கும் நம் முன்னோர் வழி சொல்லி வைத்திருக்கிறார்கள்: ஆறு மாதம் இந்தப் பக்கம் தலை, ஆறு மாதம் அந்தப் பக்கம். பஞ்சாயத்துத் தலைவர் பதவியை இரண்டு கோஷ்டிகள் ஆளுக்குப் பாதிக் காலம் என்று பேசி முடிப்பது போன்ற ஏற்பாடு. கூடவே ஓர் எச்சரிக்கையும் உண்டு. “டேய், பக்கத்துல போகாத. நக்கிப்புட்டா மேலெல்லாம் வெள்ளை விழுந்துரும்” என்று ஆத்தாமார்கள் சொல்லாத வீடு இந்தச் சீமையில் குறைவு. நக்குகிற அளவுக்கு அதற்கு நம் மேல் பிரியம் எல்லாம் கிடையாது. அதற்கு வேண்டியது எலி, இளகிய மண், ராத்திரி. எலி அகப்பட்டால் உடம்பால் சுற்றி இறுக்கி மூச்சை நிறுத்தி விழுங்கும். விஷம் என்று ஒரு சொட்டுகூடக் கிடையாது.

இன்னொன்று. பாம்பின் கால் பாம்பறியும் என்று நாம் அடிக்கடி சொல்வோமே, இந்த இனத்துக்கு அது சத்தியமான வார்த்தை. கழிவுத் துவாரத்தின் இரு பக்கமும் முள் போல இரண்டு சின்ன நகங்கள் இருக்கும். பூர்வத்தில் பின்னங்கால் இருந்ததற்கான பத்திரப் பதிவு அது. மலைப்பாம்புக்கும் உண்டு. மண்ணுளியைக் கையில் வைத்திருந்தவர்கள் எல்லாரும் வாலை முறைத்தார்களே தவிர, அதற்கு இரண்டு விரற்கடை மேலே இருந்த காலைப் பார்க்கவில்லை.

வாலை இரண்டாவது தலையாக்கிய முதல் தொழில்முனைவோர் பாம்பாட்டிகள். மொட்டை வாலில் சூடோ கீறலோ போட்டுத் தழும்பாக்கி, கண்ணும் வாயும் இருப்பதுபோல் செய்து சந்தையில் காட்டிக் காசு பார்த்தார்கள். சரி, படிக்காத ஜனம் ஏமாந்தது என்று சொல்லிவிட முடியாது. ரோமாபுரியில் பிளினி என்று ஒரு மகா பண்டிதர் இருந்தார். இரண்டு முனையிலும் தலை உள்ள பாம்பைப் பற்றி அவர் எழுதி வைத்திருக்கிறார்: ஒரு வாயால் கக்கி முடியாத அளவுக்கு விஷம் இருப்பதால் இரண்டாவது வாய் தேவைப்பட்டதாம். இவ்வளவு தூரத்துக்கு நம் பாம்பாட்டிகூடப் போகவில்லை.

1758-ல் சுவீடனில் லின்னேயஸ் உலகத்து உயிர்களை எல்லாம் வரிசைப்படுத்த உட்கார்ந்தார். பாம்புகளுக்கு அவர் ஒதுக்கியது மொத்தம் ஆறே பேரினம். அந்த ஆறில் காலில்லாத பல்லியும் இருந்தது, மண்ணுக்குள் வாழும் தவளைச் சொந்தக்காரனும் இருந்தான். நீளமாக இருக்கிறாயா, காலில்லையா, வா உள்ளே என்ற கொள்கை. எகிப்திலிருந்து வந்த ஒரு மண்ணுளியைக் காலில்லாப் பல்லியோடு சேர்த்துக் கட்டிவிட்டார். பிளினியின் இருதலைப் பாம்பின் பெயரைத் தூக்கித் தென் அமெரிக்காவின் ஒரு மண்புழுப் பல்லிக்குக் கொடுத்துவிட்டார். விலாசம் மாறிப்போன தபால்களைத் திருப்பி அனுப்புவதே அடுத்த இருநூறு வருஷம் மற்றவர்களுக்கு வேலையாகிப் போனது.

இனி நம் கடற்கரைக்கு வருவோம். பாட்ரிக் ரஸ்ஸல் ஒரு ஸ்காட்லாந்து வைத்தியர். அலெப்போவில் பிளேக் நோயைப் பார்த்து முடித்தவர். தம்பிக்கு விசாகப்பட்டினத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகம் கிடைத்ததும் 1781-ல் கூடவே வந்தார். நான்கு வருஷத்தில் கம்பெனி இவரைச் சோழமண்டலக் கரைக்கான தாவரவியலாளர் ஆக்கியது. பார்க்கச் சொன்னது செடி. இவர் பார்த்தது பாம்பு. அரசாங்க உத்தியோகத்தில் இது ஒன்றும் புதிதில்லை. ஆனால் காரணம் நியாயமானது. ஜனங்கள் பாம்பு கடித்துச் செத்துக்கொண்டிருந்தார்கள். எது விஷப்பாம்பு, எது வெறும் பாம்பு என்று பார்த்ததும் சொல்ல ஒரு வழி வேண்டும் என்பது அவர் எண்ணம். பாம்புக்கடிக்கு அப்போது பேர்போன மருந்து தஞ்சாவூர் மாத்திரை. அதை ஆராய்ந்தால் முக்கியச் சரக்கு பாஷாணம்! கடித்த பாம்பு விஷமில்லாததாக இருந்தாலும் மாத்திரை குறையைத் தீர்த்துவைத்திருக்கும்.

ரஸ்ஸல் 1789-ல் ஊர் திரும்பி, 1796-ல் பெரிய படப் புத்தகம் போட்டார், கம்பெனி செலவில். கம்பெனிக்கு அப்போது நம் பக்கத்தில் வேறு வேலைகளும் இருந்தன. 1795-ல் ராமநாதபுரம் முத்துராமலிங்க சேதுபதியைப் பதவியிலிருந்து இறக்கிச் சிறையில் போட்டது. 1799 ஏப்ரலில் சித்திரங்குடி மயிலப்பன் ஆட்களைத் திரட்டி முதுகுளத்தூர், கமுதி, அபிராமம் கச்சேரிகளைச் சூறையாடினார். 1801 அக்டோபரில் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். அதே 1801-ஆம் வருஷம் லண்டனில், அதே கம்பெனியின் பழைய ஊழியர் ரஸ்ஸல் நம் மண்ணுளிப் பாம்புக்கு ‘போவா ஜானி’ என்று பெயர் சூட்டினார். மண்ணுக்கு மேலே எதிர்த்தவனுக்குக் கயிறு, மண்ணுக்கு அடியில் பதுங்கியவனுக்குப் பட்டம்.

யார் இந்த ஜான்? தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் கோட்டையை ஒட்டி இருந்த ஜெர்மன் பாதிரியார், கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான். 1771-ல் ஆத்துமாக்களைச் சேகரிக்க வந்தவர், போகப்போகக் கிளிஞ்சல், மீன், பாம்பு என்று கைக்கு அகப்பட்டதை எல்லாம் சேகரித்தார். ஆத்துமாவைச் சேகரித்தால் கணக்குக் காட்டுவது கஷ்டம். பாம்பைப் பாட்டிலில் போட்டால் யாரும் எண்ணிக்கொள்ளலாம். பெர்லினில் பிளாக் என்ற மீன் பண்டிதர் 1793-ல் ஒரு மீன் பேரினத்துக்கே இவர் பெயரை வைத்தார். ராமேஸ்வரத்துச் சந்தையில் நாம் பேரம் பேசி வாங்கும் கத்தாழை மீன்களில் பல அந்தப் பேரினம்தான். ஒரு மனிதர், மீன் குழம்பிலும் இருக்கிறார், எலி வளையிலும் இருக்கிறார்.

பாதிரியாரிடம் பாம்பைக் கொண்டுவந்து கொடுத்தவர் பெயர் எங்கேயும் இல்லை. தரங்கம்பாடிக்காரர் ஒருவர் கோணியில் கட்டி எடுத்து வந்து, “சாமி, இதுக்கு ரெண்டு தலைங்க, பார்த்துக் குடுங்க” என்று தலைக்கு ஒரு காசாகக் கேட்டிருப்பார் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு திருப்தி.

மண்ணுளிக்கு ஒரு பங்காளி உண்டு. செதில் சொரசொரப்பு, முதுகில் திட்டுத் திட்டாகக் கோலம், குட்டை வால், முன்கோபம். கண்ணாடி விரியன் என்று நினைத்து நம் ஆட்கள் அடித்தே தீர்க்கும் அப்பாவி. கண்ணாடி விரியனுக்கு ரஸ்ஸல் பெயரைத்தான் 1797-ல் வைத்தார்கள் என்பதால், விஷப்பாம்பை அடையாளம் காட்டப் புத்தகம் போட்டவர் பெயரிலேயே இதற்குத் தினமும் அடி விழுகிறது. இந்தச் சொரசொரப்பனுக்கும் 1801-லேயே பெயர் வைத்துவிட்டார் ஷ்னைடர். இந்தியாவையே பார்க்காத இவர், கிரேக்க அகராதி தொகுத்தவர். மறு வருஷம் லண்டனில் ஷா இதே பாம்புக்கு ‘விரியன் மாதிரி’ என்று பொருள்படும் இன்னொரு பெயர் கொடுத்தார். அகராதிக்காரர் முந்திக்கொண்டதால் அது செல்லாக்காசானது.

1803-ல் பிரான்ஸில் டோடின் இந்தப் பங்காளிப் பாம்புகளுக்குத் தனிக் குடித்தனம் வைத்துக் கொடுத்தார்; பேரினத்தின் பெயர் எரிக்ஸ். கிரேக்கக் கதையில் எரிக்ஸ் என்பவர் சிசிலித் தீவின் ராஜா. ஹெர்க்குலிசையே மல்லுக்கு அழைத்து, அந்தச் சண்டையில் செத்துப்போனவர். தலையை ஒளித்து வாலை நீட்டும் ஜந்துவுக்கு வைக்கத் தோன்றிய பெயர்! 1830-ல் வாக்லர் என்ற ஜெர்மானியர் சொரசொரப்பனை மட்டும் பிரித்து வேறு பேரினத்தில் குடியமர்த்தினார். பிறகு சேர்த்தார்கள், பிரித்தார்கள், மறுபடி சேர்த்தார்கள். பங்காளிகளுக்கே தெரியாமல் நடந்த பாகப்பிரிவினை.

நம் ஆட்கள் பெயரும் இந்தக் குடும்பத்தில் இல்லாமல் இல்லை. மஸ்கட்டில் வைத்தியராக இருந்த ஆத்மாராம் ஜயகர் அனுப்பிய அரேபிய மண்ணுளிக்கு 1888-ல் பூலெஞ்சர் ஜயகரின் பெயரையே வைத்தார். அதற்குக் கண் தலையின் உச்சியில் இருக்கும். மணலில் உடம்பு முழுக்கப் புதைந்துகொண்டு கண்ணை மட்டும் வெளியே விட்டுக் காத்திருக்கும். நம்மூர் மண்ணுளி குட்டி போடும், அது முட்டை இடும். நம் தென்சீமைப் பாம்புகளை ஆராய்ந்த பேராசிரியர் எம். வி. ராஜேந்திரன் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. சொரசொரப்பனில் ஓர் உள்ளினத்தைப் பிரித்து, அதற்கு அமெரிக்க நிபுணர் கார்ல் கான்ஸின் பெயரை வைத்தார். நூற்றைம்பது வருஷமாக வெள்ளைக்காரர் பெயரை வெள்ளைக்காரரே நம் பாம்புக்கு வைத்துக்கொண்டிருக்க, இந்த முறை மை நம் பேனாவிலிருந்து. அந்தப் பிரிவைப் பின்னால் வந்தவர்கள் ஏற்றுக்கொள்ளாதது வேறு விஷயம். 1991-ல் மேற்குக் கரையிலிருந்து மூன்றாவதாக ஓர் இந்திய இனத்தை இந்திரனீல் தாஸ் விவரித்து, சென்னைப் பாம்புப் பண்ணையைத் தொடங்கிய ரோமுலஸ் விட்டேகரின் பெயரை அதற்குக் கொடுத்தார்.

பெயர் வைத்தாயிற்று, இனி யார் யாருக்குச் சொந்தம் என்று பார்க்கும் இடத்தில்தான் வால் தன் பெரிய வேட்டையை நடத்தியது. மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு பாம்பு, வட அமெரிக்காவில் ரப்பர் போவா என்று ஒரு பாம்பு. இரண்டும் நம் மண்ணுளி போலவே மொட்டை வாலைத் தலையாகக் காட்டும். எலி வளைக்குள் புகுந்து குஞ்செலிகளைத் தின்னும்போது தாய் எலி கடிப்பதற்கு ரப்பர் போவா வாலைத்தான் கொடுக்கும். அதனால் வால் முழுக்கத் தழும்பாகவே இருக்கும். பண்டிதர்கள் உள்ளே அறுத்துப் பார்த்தார்கள். வாலெலும்புகளில் கிளை கிளையாகக் கூடுதல் புடைப்புகள்! ஆகா, ஒரே குலம் என்றார்கள். முட்டையிடுகிறதே என்று அதுவரை மலைப்பாம்புக் கணக்கில் இருந்த ஆப்பிரிக்கப் பாம்பை, 1993-ல் ஆர்னால்ட் க்ளூஜ் அமெரிக்கப் பாம்போடு ஒரே பேரினத்தில் கட்டிவைத்தார்.

அப்புறம் மரபணு வந்தது. வாலைப் பார்க்காமல் ரத்தத்தைப் பார்த்தார்கள். அமெரிக்கக்காரன் வேறு, ஆப்பிரிக்கக்காரன் வேறு, நம் எரிக்ஸ் வேறு. மண்ணுக்குள் எலி பிடித்துப் பிழைக்கும் தொழில் ஒன்றாக இருந்ததால் வாலும் ஒன்றாக அமைந்திருக்கிறது. 2014-ல் பைரன் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் மூன்றுக்கும் தனித்தனிக் குடும்ப அட்டை கொடுத்தார்கள். எரிக்ஸ் தனிக் குடும்பமா, போவாக் குடும்பத்துக்குள் ஒரு துணைக்குடும்பமா என்ற வழக்கு மட்டும் இன்னும் நடக்கிறது. ஆக, சந்தையில் பாம்பாட்டியிடம் ஏமாந்த முதுகுளத்தூர் சம்சாரியும், ஆய்வுக்கூடத்தில் எலும்பிடம் ஏமாந்த பேராசிரியரும் ஒரே வாலில்தான் விழுந்தார்கள். சம்சாரிக்குப் போனது ஒரு காசு.

காசு என்றதும் இந்தக் காலத்துக்கு வந்தாக வேண்டும். டீக்கடையில் ஒருவர் பக்கத்தில் வந்து உட்காருவார். குரலைத் தாழ்த்துவார்.

“அண்ணே, மூணு கிலோ. பார்ட்டி மலேசியா.”

“மூணு கிலோ பாம்பு அவனுக்கு எதுக்குப்பா?”

“மருந்து கம்பெனிண்ணே. அதெல்லாம் கேக்கப்படாது.”

புற்றுநோய்க்கு மருந்து என்பார்கள், ஆண்மைக்கு என்பார்கள், வீட்டில் வைத்தால் லட்சுமி என்பார்கள், ராக்கெட்டுக்கு என்றுகூடச் சொல்வார்கள். எல்லாமே கட்டுக்கதை. எடை ஏற ஏற விலை கோடியில் ஏறும். எடை வேண்டும் என்பதற்காகப் பாம்பின் வாயில் இரும்புக் குண்டைத் திணிக்கும் புண்ணியவான்களும் உண்டு. பாம்பு நிஜம், தராசு நிஜம், அட்வான்ஸ் நிஜம். வாங்க வரும் மலேசியாக்காரர் மட்டும் வரவே மாட்டார். பணம் போட்டவர் போலீஸ் ஸ்டேஷனுக்கும் போக முடியாது. 1972-ஆம் வருஷத்து வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தப் பாம்பை வைத்திருப்பதே குற்றம். தான் செய்த குற்றத்தில் தனக்கு நஷ்டம் என்று யார் மனு எழுதுவது? இந்த வித்தையை 2014-ல் ‘சதுரங்க வேட்டை’ படத்தின் தொடக்கத்திலேயே விலாவாரியாகக் காட்டினார்கள். தியேட்டரில் கைதட்டிப் பார்த்தார்கள், வெளியே வந்து மறுபடி அட்வான்ஸ் கொடுத்தார்கள். பைரன் குடும்ப அட்டை எழுதியதும் அதே வருஷம்தான்.

தனிக் குடும்பமா, துணைக்குடும்பமா என்று அறிஞர்கள் ஆற அமர முடிவு செய்யட்டும். வனத்துறை ரேஞ்சருக்கு அந்தக் கவலை கிடையாது. பையைப் பிரி, பாம்பை எடு, கேஸை எழுது. மறுநாள் பேப்பரில் படம் வரும்: தலை குனிந்த நாலு பேர், நடுவில் மேஜை, மேஜை மேல் மண்ணுளி. போட்டோவுக்குப் பாம்பின் முகம் தெரியட்டும் என்று ஒருவர் ஒரு முனையைத் தூக்கிப் பிடித்திருப்பார். அது வாலாக இருக்கும்.