துவாரபாலகர்

முகூர்த்த நாளில் கோவை அவிநாசி சாலையில் எந்தக் கல்யாண மண்டபத்துக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். மணமேடை முன்னால் ஒரு கூட்டம், பந்தியில் ஒரு கூட்டம் இருக்கும். இரண்டிலும் சேராமல் ஒருவர் மட்டும் கார் நிறுத்துமிடத்தில் இருப்பார். வெள்ளை வேட்டி, முழங்கை வரை மடித்த சட்டை, பையில் ஒரு சின்ன டார்ச். யாருடைய வண்டிக்கோ பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பம்பருக்குள் விரலை விட்டுக்கொண்டிருப்பார். ஆரம்பத்தில் வாட்ச்மேன் திருடன் என்று நினைத்து விசிலடித்தார். இப்போது பழகிப்போய், வயதான மனிதர் என்று ஸ்டூல் போட்டுக் கொடுக்கிறார்.

இவருக்கு எங்கள் வட்டாரத்தில் துவாரபாலகர் என்று பெயர். காரில் உள்ள துவாரம் ஒவ்வொன்றும் அசலா, போலியா என்று விசாரித்துத் தீர்ப்புச் சொல்வது இவர் ஏற்றுக்கொண்ட கைங்கரியம். லேத் பட்டறையோ பவுண்டரியோ பம்ப்செட் கம்பெனியோ நடத்திவிட்டுப் பையனிடம் சாவியைக் கொடுத்தவர்கள்தான் பெரும்பாலும் இந்தப் பதவிக்கு வருகிறார்கள். ஒரு ஓட்டை போட டிரில் பிட் தேய்கிறது, கரண்ட் ஓடுகிறது, ஆளுக்குக் கூலி ஆகிறது. ஆகவே காரணம் இல்லாமல் உலகத்தில் ஓர் ஓட்டை இருக்கக் கூடாது என்பது இவருடைய சித்தாந்தம். ஓட்டையே இல்லாமல் ஓட்டை மாதிரி ஒன்று இருந்தால் இவருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. இந்தக் காலத்து உயர்ரகக் கார்களைப் பார்த்தால், இவர் உயிரோடு இருப்பதே ஆச்சரியம்.

விசாரணைக்கு இவரிடம் நாலு முறை உண்டு. முதலாவது விரல். அது போகாத இடத்துக்கு விசிட்டிங் கார்டு. கிரில்லின் கம்பி இடுக்கில் கார்டைச் செருகுவார். முழுசாக உள்ளே போனால் வண்டி மூச்சு விடுகிறது, பாதியில் முட்டினால் பின்னால் கறுப்புப் பிளாஸ்டிக் தட்டு. மூன்றாவது டார்ச். முன்சக்கரத்துக்குப் பின்னால் மீன் செவுள் மாதிரி ஒன்று வைத்திருப்பார்களே, அதற்குள் வெளிச்சம் அடித்துப் பார்ப்பார். நாலாவது தட்டிப் பார்ப்பது. வெள்ளி நிறத்தில் பளபளக்கும் அடித்தகட்டை விரல் கணுவால் தட்டுவார். கல்லும் முள்ளும் உரசினால் எஞ்சினைக் காக்க வேண்டிய தகடு அது. ‘டொக்’ என்று பிளாஸ்டிக் சத்தம் வந்ததும் முகத்தில் ஒரு சாந்தி பரவும். தான் நினைத்தது சரியாகப் போனதில் வருகிற சாந்தி.

வண்டிக்காரர் நேரில் சிக்கிவிட்டால் இன்னும் விசேஷம்.

“ஏங்கண்ணு, வண்டி புதுசுங்களா?”

“ஆமாங் மாமா. போன தீவாளிக்கு எடுத்தமுங்.”

“நல்லாருக்குது. இந்த நாலு பைப்பும் சைலன்சருங்களா?”

“ஆமாங். நாலும் சைலன்சர்தானுங்.”

“எத்தனை ஓடிருக்குதுங்?”

“பத்தாயிரம் தாண்டிருச்சுங் மாமா.”

துவாரபாலகர் ஆள்காட்டி விரலை உள்ளே விட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுத்து, தும்பைப்பூ வேட்டியிலேயே துடைத்துக் காட்டுவார். வேட்டி வெள்ளையாகவே இருக்கும்.

“பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு பொட்டுக் கரி இல்லீங்களே கண்ணு. வண்டி என்ன, வெந்நீர்லயா ஓடுது?”

பிறகு அந்தப் பையனின் தோளைப் பிடித்துக் குனிய வைத்து டார்ச் அடிப்பார். “நெசமான சைலன்சர் அக்கட்டால, பம்பருக்கு அடியில ஒளிஞ்சு தலையைத் தொங்கப் போட்டுட்டு நிக்குது பாருங். அதுக்கே வெக்கமாப் போச்சு.”

பல லட்சம் கடன் போட்டு வாங்கிய பையன், அன்றைக்கு மொய் எழுத மறந்துவிடுவான்.

இவரைச் சும்மா குறை சொல்கிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். விஷயம் தெரிந்தவர். ஜீடீ கார் மியூசியத்துக்குப் போனால் மற்றவர்கள் கார் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள், இவர் குனிந்து அடியில் பார்ப்பார். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் பந்தயம் நடந்தால் யார் ஜெயித்தார்கள் என்று இவருக்குத் தெரியாது. எந்த வண்டியில் எந்த ஓட்டை வழியாகக் காற்றுப் போகிறது என்று தெரியும். பந்தியில் பக்கத்து இலைக்காரர் எழுந்திருக்க முடியாதபடி, பாயசம் வருகிற சமயம் பார்த்துச் சரித்திரத்தை ஆரம்பிப்பார்.

“1949-ல அமெரிக்காவுல பியூக் கம்பெனிக்காரன் முன்பக்கம் வரிசையா வட்ட ஓட்டை வெச்சானுங். டிசைன் பண்ணினவரு நெட் நிக்கிள்ஸ். மொதல்ல தன்னோட சொந்த வண்டியில ஓட்டை போட்டு, உள்ளுக்குள்ள லைட்டு வெச்சு, எஞ்சின் ஓடறப்ப பளிச் பளிச்சுன்னு எரிய விட்டாரு. மொதலாளிக்குப் புடிச்சுப்போச்சு. லைட்டை எடுத்துட்டு ஓட்டையை மட்டும் கம்பெனியில போட்டாங். பெரிய வண்டிக்குப் பக்கத்துக்கு நாலு, சின்ன வண்டிக்கு மூணு. ஓட்டையை எண்ணியே ஆளோட வசதியச் சொல்லிப்போடலாமுங்!”

அடுத்தது காடிலாக். 1948-இல் பி-38 போர் விமானத்தின் வாலைப் பார்த்துக் காருக்கு வால் வைத்தார்கள். வருஷத்துக்கு வருஷம் வளர்ந்து 1959-இல் அது ஆகாயத்தைத் தொட்டது, கார் மட்டும் கடைசி வரை பறக்கவில்லை. அதற்கடுத்து மெர்சிடிஸ் 300 எஸ்.எல். 1954-இல் வந்த அந்த வண்டியின் எஞ்சினைப் பானட் உயரத்துக்குள் அடக்குவதற்காகச் சாய்த்து வைத்தார்கள். அப்படியும் இடம் போதாமல் பானட்டில் ஒரு புடைப்பு தேவைப்பட்டது. ஒன்று மட்டும் இருந்தால் கோணலாகத் தெரியுமே என்று இன்னொரு புடைப்பையும் சேர்த்தார்கள். “ஒண்ணு உழைக்குது, இன்னொண்ணு சும்மா கூட நிக்குது. எல்லாக் குடும்பத்துலயும் இருக்கறதுதானுங்” என்று அதை மட்டும் மன்னித்துவிடுவார்.

ஜெர்மனியில் கார் கம்பெனியில் வேலை பார்க்கும் மருமகப்பிள்ளை ஒருவர் ஒரு கல்யாணத்தில் இவரிடம் மாட்டினார். நல்ல பையன், பொறுமையாக விளக்கினார்.

“மாமா, சைலன்சர் குழாய் கொதிக்குமுங். எஞ்சினோட சேர்ந்து ஆடும். பிளாஸ்டிக் பம்பர் வழியா விட்டா உருகாம இருக்கச் சுத்தி இடைவெளி வேணும், கரியும் புடிக்கும். பளபளன்னு ஒரு சட்டத்தைப் பம்பர்லயே பொருத்திட்டா அசையாது, அழுக்காகாது. டீசலுக்கும் பெட்ரோலுக்கும் குழாய் வேற வேற இடத்துல வந்தாலும் ஒரே பம்பர் போதுமுங்.”

“செரி, முன்னாடி அத்தாப்பெரிய கிரில்லு?”

“ரோட்டுல நடக்கறவங்க மேல மோதினா தலை இரும்புல அடிபடாம இருக்கப் பானட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவுல இடம் விடணுமுங். அதனால வண்டி முகம் உயரமாயிருச்சு. வெறும் பிளாஸ்டிக்கா விட்டா மொட்டையாத் தெரியும். அத்தனையும் நெசமான ஓட்டையா விட்டாலோ தேவையில்லாத காத்து உள்ள பூந்து வண்டியை இழுக்கும், பெட்ரோல் வீணாகும். அதனால வேணுங்கற அளவுக்குத் திறந்துட்டு மிச்சத்தை மூடிடறாங்.”

துவாரபாலகர் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டார். அப்பளத்தை நொறுக்கினார். “அப்ப ஓட்டை வேண்டாம்னு உங்க கம்பெனிக்கே தெரியுது. அப்புறம் எதுக்குக் கண்ணு ஓட்டை மாதிரி வெக்கறீங்? செவுத்துல கதவைப் பெயிண்ட் அடிச்சுட்டு, ‘வாங்க, உள்ள வாங்க’ன்னு கூப்புடறாப்பல இருக்குது.” மருமகப்பிள்ளை மோரைக் குடித்துவிட்டு எழுந்தார். அவருடைய படிப்பில் இதற்குப் பதில் இல்லை.

இவரும் ஒருமுறை தோற்றார். பி.எம்.டபிள்யூ. 7 சீரீஸ் ஒன்றின் முன்னால் உட்கார்ந்து கார்டைச் செருகினார், முட்டியது. டார்ச் அடித்தார், உள்ளே பட்டை பட்டையாக அடைப்பு. “முழுப் பொய்!” என்று தீர்ப்பெழுதிய நேரத்தில் டிரைவர் வந்து ஸ்டார்ட் செய்து ஏசியைப் போட்டார். எஞ்சினுக்குக் காற்று தேவைப்படும்போது மட்டும் திறக்கும் மடிப்புகள் அவை. மாமாவின் மூக்குக்கு நேராக அத்தனையும் ஒன்றாக வாயைத் திறந்தன. பின்பக்கம் மண்ணில் உட்கார்ந்தவர், எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, “மூடற ஓட்டை தப்பில்லீங். வீட்டுக் கதவும் மூடித்தான் இருக்குது” என்று சட்டத்திருத்தம் கொண்டுவந்தார்.

மின்சாரக் கார் வந்த பிறகு இவர் பாடு திண்டாட்டம். புகை இல்லை, சைலன்சர் இல்லை, விரலுக்கு வேலையில்லை. ஆனால் பி.எம்.டபிள்யூ.வுக்கு 1933-இல் 303 மாடலில் இருந்து வருகிற சிறுநீரக வடிவ மூக்கை விட மனமில்லை. ஐ.எக்ஸ். என்கிற மின்சார வண்டியிலும் அதைப் பெரிதாக வைத்து, காற்றுப் போகாமல் மூடி, பின்னால் கேமராவையும் ரேடாரையும் ஒளித்திருக்கிறார்கள். போதாதற்கு அதன் மேல் ஒரு பூச்சு. சின்னக் கீறல் விழுந்தால் ஒரு நாளில் தானாக ஆறிவிடும், வெதுவெதுப்பான காற்றுக் காட்டினால் ஐந்து நிமிஷத்தில் ஆறிவிடும். இதைக் கேட்டு மாமா சித்த நேரம் பேசவில்லை. “மூச்சு விடாத மூக்கு. அதுக்குக் காயம் மட்டும் தானா ஆறுமாங்!” என்றார்.

கார் கம்பெனிக்காரர்கள் காதையும் விட்டுவைக்கவில்லை. 2011-இல் வந்த பி.எம்.டபிள்யூ. எம்5 காரில் எஞ்சின் உறுமலை ஸ்பீக்கர் வழியாகவும் உள்ளே இருப்பவருக்குக் கேட்க வைத்தார்கள் என்று தெரிந்ததிலிருந்து, யார் காரில் ஏறினாலும் முதலில் பாட்டை நிறுத்தச் சொல்கிறார். பாட்டு நின்ற பிறகும் சந்தேகத்தோடு ஸ்பீக்கரில் காதை வைக்கிறார்.

இப்படிப்பட்டவர் ரோல்ஸ் ராய்ஸைக் கண்டால் கன்னத்தில் போட்டுக்கொள்வார் என்றால் நம்புவீர்களா? மூக்கு நுனியில் 1911 முதல் ஒரு பெண் சிலை நிற்கிறதே, அது என்ன வேலை செய்கிறது என்று ஒருவர் மடக்கினார். “அந்தம்மா எனக்கு வேலை இருக்குதுன்னு எப்பவாச்சும் சொன்னாங்களா? அழகுக்கு நிக்கறாங். தெரிஞ்சே நிக்கறாங். பம்பர்ல இருக்கற பைப்பு அப்படியா? புகை விடறேன்னு பொய் சொல்லுதுங்!” சக்கரம் சுழன்றாலும் நடுவில் உள்ள இரண்டு ‘ஆர்’ எழுத்தும் நிமிர்ந்தே நிற்பதைப் பற்றியும் கேட்டார்கள். “அலங்காரந்தானுங். ஆனா அதுக்குள்ள பேரிங் போட்டு, கீழ்ப்பக்கம் எடை வெச்சு, உழைச்சுருக்கான். அந்த உழைப்பு நெசம்.” கதவுக்குள் குடையைச் செருகும் குழாயும், ஈரம் வடிய அதற்கு ஒரு வழியும் உண்டு என்பதைச் சொல்லும்போது குரல் தழுதழுக்கும். வெளியே தெரியாத ஓட்டை, உள்ளே வேலை செய்கிறது. இவர் அகராதியில் மோட்சம் என்பது அதுதான்.

இவருடைய சொந்த வண்டி ஒரு பழைய அம்பாசடர். 2014-இல் கம்பெனி உற்பத்தியையே நிறுத்திவிட்டது, இவர் ஓட்டுவதை நிறுத்தவில்லை. அதன் முக்கோணக் கண்ணாடியைத் திருப்பிக் காற்று வாங்கியபடி, “இது ஓட்டை!” என்பார். பேரன் ஒருநாள் கேட்டான்: “தாத்தா, முன்னாடி எலுமிச்சம்பழமும் மொளகாயும் தொங்குதே, அது எதுக்கு?”

“கண்ணு படாம இருக்கறதுக்குடா சாமி.”

“அது வேலை செய்யுதா?”

“செய்யாமயா? இத்தனை வருஷம் எங்கியும் மோதலையே!”

“காஞ்சு போச்சே தாத்தா.”

“காஞ்சாத்தான் உழைச்சுருக்குன்னு அர்த்தம்” என்றார். சைலன்சருக்குக் கரி எப்படியோ, எலுமிச்சம்பழத்துக்குக் காய்ச்சல் அப்படி. இவர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு கிடையாது.

எலுமிச்சை வழக்கைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், மாமா சொல்வதில் நியாயம் இருக்கிறது. அழகுக்காக ஒன்றை வைப்பது குற்றமில்லை. அது வேலை செய்வதாக நடிக்கும்போதுதான், நம் காசிலேயே நம்மை ஏமாற்றுகிறது. அடுத்த முறை ஷோரூமுக்குப் போனால், எஞ்சின் ஆறியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, கூச்சப்படாமல் சைலன்சர் பைப்புக்குள் விரலை விட்டுப் பாருங்கள். விரல் முட்டினால், அந்தப் பளபளப்பான பம்பர் சட்டம் உடைந்தால் மாற்ற எவ்வளவு ஆகும் என்று விற்பனைப் பையனிடம் கேளுங்கள். விலையைக் கேட்ட பிறகும் அது அழகாகத் தெரிந்தால் தாராளமாக வாங்குங்கள். கல்யாணத்துக்கு மட்டும் ஆட்டோவில் போய்விடுங்கள்.