அழுகுணி ஆட்டம்

காட்டுப்பாக்கத்துக் குறுக்குத் தெருக்களில் கிரிக்கெட் ஆடும் பொடியன்கள் முதல் பந்துக்கு முன்பே சட்டத்தை உரக்கச் சொல்லிவிடுவார்கள். ஒன் பிட்ச் ஒன் ஹேண்ட் அவுட். மாடியில் விழுந்தால் அவுட். சாக்கடையில் விழுந்தால் அடித்தவன்தான் எடுக்கணும். ஏமாற்றினால் 'அழுகுணி ஆட்டம்' என்று மூஞ்சிக்கு நேரே சொல்லி மட்டையைப் பிடுங்கிவிடுவார்கள்.

அதே தெருவில், ஏசி போட்ட ஹாலில், பெரியவர்கள் ஆட்டம் நடக்கிறது. சம்பந்தம் பேசுகிறார்கள். இங்கே ஒரே விதி: ஆட்டம் நடப்பதாக யாரும் காட்டிக்கொள்ளக் கூடாது.

"எங்களுக்குன்னு எதுவும் வேண்டாங்க. உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறதச் செய்யுங்க." மாப்பிள்ளையின் அப்பா இதைக் கேசரித் தட்டைப் பார்த்துச் சொல்கிறார்.

"மூத்த மருமகளுக்கு அம்பது பவுன் போட்டாங்க. சும்மா ஒரு தகவலுக்குச் சொன்னேன்." இது அம்மா. "நாலு பேர் கேட்டா சொல்லிக்கிற மாதிரி இருந்தாப் போதும்."

தாய்மாமன் தொண்டையைச் செருமுகிறார். "உங்களுக்கு இங்க அரை கிரவுண்டு இருக்காமே? மெட்ரோ ஸ்டேஷன் பக்கமா?"

கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லிக்கு மெட்ரோ பாதை போடுவது ஜனங்கள் போய்வர. நடுவில் காட்டுப்பாக்கத்துக்கு ஒரு ஸ்டேஷன் கொடுத்தால் மாப்பிள்ளை விலையும் ஏறும் என்று திட்டம் போட்டவர்களுக்குத் தோன்றியிருக்காது.

யாரும் எதுவும் கேட்கவில்லை. எல்லாம் கேட்டாகிவிட்டது.

பெண் ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிறாள். இந்தப் பேச்சில் அவள் ஒப்புக்குச் சப்பாணி. காபி கொடுத்ததோடு அவள் வேலை முடிந்தது.

வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது 1961-ல். வாங்கினாலும் குற்றம், கொடுத்தாலும் குற்றம். குறைந்தது 5 ஆண்டு சிறை. அபராதமும் குறைந்தது 15,000 ரூபாய் அல்லது வரதட்சணையின் மதிப்பு, எது அதிகமோ அது. மனமுவந்து தரும் அன்பளிப்புக்கு மட்டும் விலக்கு உண்டு. அதற்கும் 1985-ம் ஆண்டு விதிகளின்படி பட்டியல் எழுத வேண்டும். என்ன பொருள், சுமார் என்ன விலை, கொடுத்தவர் யார், என்ன உறவு. கீழே பெண்ணும் மாப்பிள்ளையும் கையெழுத்துப் போட வேண்டும்.

எந்த மண்டபத்திலாவது அந்தப் பட்டியலைக் கண்டதுண்டா? மொய் நோட்டைக் கண்டிருப்பீர்கள். வாசலிலேயே மேஜை போட்டு, பெயர், ஊர், தொகை எழுதி, கூட்டல் சரிபார்க்க ஒரு சித்தப்பாவையும் உட்கார வைத்திருப்பார்கள். 501 ரூபாய்க்குக் கணக்கு உண்டு. 50 பவுனுக்குக் கிடையாது. கேட்டால், அது பாசமாம்.

தாலிக்குத் தங்கம் கொடுத்துவந்த தமிழக அரசே 2022-ல் மனம் மாறியது. அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரிக்குப் போக மாதம் 1,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியது. படிப்புதான் பெண்ணுக்குச் சீர் என்று கோட்டைக்கே புரிந்துவிட்டது. சம்பந்திக்குப் புரியவில்லை. அவருக்குப் பட்டம் என்பது பீரோ, கட்டிலோடு சேர்ந்து வரும் இன்னொரு சாமான்.

தெருவில் தோற்ற பொடியன் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்பான். இந்த ஆட்டத்தில் தோற்ற பெண்கள் பலர் வீடு திரும்புவதே இல்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கில், 2022-ல் மட்டும் நாடு முழுக்க 6,000-க்கும் மேற்பட்ட வரதட்சணைச் சாவுகள். அந்த வீடுகளிலும் கேசரி கொடுத்துத்தான் பேச்சை ஆரம்பித்திருப்பார்கள்.

பழியைச் சம்பந்திகள் தலையில் கட்டிவிட்டு நாம் நழுவப் பார்க்கிறோம். பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் "எவ்வளவு போட்டாங்களாம்?" என்று விசாரிப்பது யார்? மேடையேறிப் பெண்ணின் கழுத்தைக் கண்ணாலேயே எடை போடுவது யார்? அந்த நாலு பேர் நாம்தான்.

அடுத்த கல்யாணத்தில் மொய் எழுதுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "கையெழுத்துப் போட்ட பட்டியல் எங்கே?" சண்டை வரும். வரட்டும். 1985-லேயே வந்திருக்க வேண்டிய சண்டை அது.