உள்ளே போன காரு வெளியே வர்லியாமே!

வாடா பேராண்டி, குந்து. இன்னா மூஞ்சி இப்படிக் கீது, ராத்திரி ஃபர்னஸ் ஷிப்ட் பாத்தவன் மாதிரி? ஏசி ரூம்ல பொட்டி தட்றவன் மூஞ்சி இப்படிக் கருகக் கூடாதுடா. மாஸ்டர், ரெண்டு டீ. இவனுக்குச் சக்கர தூக்கலா.

சேதி கும்மிடிப்பூண்டி சிப்காட் முழுக்கப் பரவிடுச்சி. நீ எழுதிக் குடுத்த ஏபிஐ மேனேஜரை உள்ள வுட்டிச்சாம், வெளிய வுடலியாம். அந்த மனுசன் வேற மாநிலத்துலேர்ந்து மாத்தலாகி வந்தவரு, காரு பிஎச் சீரிஸ். 2021 செப்டம்பர்ல வந்த சீரிஸ் அது. முதல்ல வருசத்துக்கு ரெண்டு நம்பரு, அப்பால பிஎச், அப்பால நாலு நம்பரு, கடைசில எழுத்து. நம்ம டிஎன் 20 மாதிரி எழுத்துல ஆரம்பிக்காது. உள்ள வர்ற வாசலுக்கு மட்டும் நீ நம்பர் சட்டத்தைத் திருத்திட்ட. வெளிய போற வாசல்ல பழைய சட்டமே நின்னுக்கினு இருந்திச்சி. ஷிப்ட் சங்கு ஊதியாச்சி, லோக்கல் வண்டி மூர் மார்க்கெட்டுக்குக் கெளம்பியாச்சி, மேனேஜர் மட்டும் கம்பத்துக்கு முன்னாடி ஹாரன் அடிச்சிக்கினு கீறாரு.

திட்டுவேன்னு பாத்தியா? நீ பொழைக்கத் தெரிஞ்ச புள்ளடா. வண்டி நம்பர் எப்படி இருக்கணும்ங்கற ஒரே சங்கதிய அந்த ஏபிஐயோட யாமல் ஃபைல்ல பதினாலு எடத்துல எழுதி வெச்சிருக்கியே, அது சாமானிய மூளையா? பதினாலு எடத்துல இருந்தா பதினாலு தபா திருத்தலாம், பதினாலு நாளு பில்லு போடலாம். ஒரே எடத்துல எழுதித் தொலைச்சிட்டா அப்பால உன்னை எவன் கூப்புடுவான்?

எனக்கு இன்னாடா தெரியும்? முப்பது வருசம் ரோலிங் மில் எடைமேடையில சீட்டு கிழிச்சவன். பார்ட்டி பேரு, விலாசம், டின் நம்பரு எல்லாம் பேரேட்டுல ஒரு பக்கத்துல இருக்கும். நாள்வழியில லாரி வந்த நேரத்தையும் எடையையும் எழுதி, ஓரத்துல 'பே.ப. 12'னு கிறுக்கிட்டுப் போய்டுவேன். பேரேட்டுப் பக்கம் பன்னண்டுன்னு அர்த்தம். பார்ட்டி குடோனை மாதவரத்துக்கு மாத்தினான்னா பன்னண்டாம் பக்கத்துல ஒரு கோடு இழுத்துப் புது விலாசம் எழுதுவேன். ஆயிரம் சீட்டும் தானா திருந்திடும். சோம்பேறிப் பய வேலை. உன்னை மாதிரி உழைப்பாளிக்கு அது ஆவாது.

உங்க ஆளுங்களும் அதையேதான் டாலர் ரெஃப்னு சொல்றாங்களாம். கம்போனென்ட்ஸ்னு ஒரு தலைப்பு, அதுக்கு அடியில பாராமீட்டர்ஸ், அதுக்கு அடியில ஒரு பேரு. வண்டி நம்பரோட ஜாதகம் முழுக்க அங்க. வேணுங்கற வாசல்ல '#/கம்போனென்ட்ஸ்/பாராமீட்டர்ஸ்/வண்டி'ன்னு ஒத்த வரி. முன்னாடி நிக்கிற # குறி, இதே ஃபைல்ல தேடுன்னு சொல்லுது. ஆனா அந்தப் பேரைத் தமிழ்ல வெச்சிடாத. இங்கிலீஷ் எழுத்து, எண்ணு, புள்ளி, கோடு, அடிக்கோடு, அவ்ளோதான் அனுமதி. அதுக்காக நம்ம ஊரு பேரை வெக்கறேன்னும் கெளம்பிடாத. சிப்காட் போர்டுல ரெண்டு ஓ, ரயில்வே போர்டுல ஒரு யூ. 2020 ஜூன்ல 1018 ஊருக்கு இங்கிலீஷ் எழுத்தை மாத்தறோம்னு அரசாங்கம் ஆணை போட்டு, அதே மாசம் திரும்ப வாங்கிக்கிச்சி. அவங்களுக்கே அந்தக் கதின்னா உன் ஃபைலு எம்மாத்திரம்?

இந்த ஏபிஐ ஃபைல் எழுதற முறைய ஆரம்பிச்சதே வேர்ட்னிக்னு ஒரு அகராதிக் கம்பெனில வேலை பாத்த டோனி டாமாம். முதல்ல வெச்ச பேரு ஸ்வாகர். தெனாவெட்டா நடக்கறதுன்னு அர்த்தமாம், உன் நடைக்குப் பொருத்தம்தான். 2015ல லினக்ஸ் ஃபவுண்டேஷன் கைக்குப் போயி, ஓப்பன்ஏபிஐன்னு மரியாதையான பேரு வாங்கிச்சி. ரெண்டாவது வெர்ஷன்ல இந்த பாராமீட்டர்ஸ் தெருவோரத்துல தனியாக் குந்தியிருந்திச்சி. 2017ல வந்த மூணாவதுலதான் கம்போனென்ட்ஸ் வூட்டுக்குக் குடி போச்சி. போன வாரம் நீ பழைய விலாசத்துக்கு லெட்டர் போட்டுட்டு, காணோம் காணோம்னு அழுத பாரு, அதான் சங்கதி.

சரி, என் பேச்சைக் கேட்டு மேல ஒரு தபா எழுதிட்டன்னு வை. அப்பால காலை நீட்டித் தூங்கிடாத. எல்லா வாசலுக்கும் தானாப் போய்ச் சேராது. பேரேட்டுல எழுதிட்டா சீட்டுல ஏறிடுமா? வாசலுக்கு வாசல் அந்த ஒத்த வரியப் போட்டாத்தான் உண்டு. போடாத வாசல்ல கேள்வி கேக்க ஆளே இருக்காது, ஆந்திராவுக்கே ஓட்டிக்கினு போயிடலாம்.

இன்னொரு சாமர்த்தியம் பண்ணியிருக்கியே, அதான் எனக்கு ரொம்பப் புடிச்சிது. வெளிய போற வாசலுக்கு வண்டி நம்பர் கட்டாயம். லிஸ்ட்டுல தேடறதுக்குக் கட்டாயம் இல்ல. நீ இன்னா பண்ண? அந்த ரெஃப் வரிக்குப் பக்கத்துலயே 'கட்டாயம்'னு ஒட்டி வெச்சிட்ட. மூணாவது வெர்ஷன்ல ரெஃப் பக்கத்துல எழுதினதை எவனும் படிக்க மாட்டான். 3.1 வந்தப்பால விளக்கம் எழுத வுட்டாங்க, கட்டாயத்தை இன்னும் வுடல. சீட்டு ஓரத்துல 'பே.ப. 12, ஆனா இவன் மட்டும் ரொக்கம்'னு எழுதினா கேஷியர் பாப்பானா? பன்னண்டாம் பக்கத்தைத்தான் பாப்பான். கட்டாயத்துக்கு ஒண்ணு, இஷ்டத்துக்கு ஒண்ணுன்னு ரெண்டு பாராமீட்டர் எழுதணும். நம்பரு எப்படி இருக்கணும்ங்கறத மட்டும் ஸ்கீமாஸ்ல ஒரே ஒரு தபா எழுதி, ரெண்டும் அதையே கை காட்டணும். அப்படிச் செஞ்சிருந்தா பிஎச் வந்தன்னைக்கு ஒத்த வரி திருத்தறதோட முடிஞ்சிருக்கும், மேனேஜர் வூட்ல சூடா சோறு துன்னுருப்பாரு. நீ அதெல்லாம் செய்வியா, தொழில் படுத்துடுமே!

ஆத்தரைசேஷன் ஹெட்டரை வேற பாராமீட்டர்ல எழுதி வெச்சிக்கீற. அதைக் கண்டுக்கவே மாட்டாங்களாம்டா. அது செக்யூரிட்டி கூண்டு வேலை, அதுக்குன்னு தனித் தலைப்பு கீது.

ஆசை வந்துட்டா கண்ணு தெரியாது, அதையும் சொல்லிப்புடறேன். ஒரே மாதிரி கீதேன்னு எல்லாத்தையும் ஒரே பக்கத்துல கட்டிடாத. லாரி லிஸ்ட்டுல பக்கத்துக்கு அம்பது, ஆபீஸ் ரிப்போர்ட்டுலயும் அம்பதுன்னு ரெண்டுத்துக்கும் ஒரே லிமிட்ட வெச்சிருக்க. நாளைக்கு ரிப்போர்ட்டுக்காரன் ஐந்நூறு கேப்பான். நீ மாத்துவ. கேட்டுல இருக்குற அந்தச் சின்ன டேப்லெட்டு ஐந்நூறு லாரிய முழுங்க முடியாம மூச்சை வுட்டுடும். என் பேரேட்டுலயும் ஒரே பேருல ரெண்டு பார்ட்டி இருந்தானுங்க, ஒருத்தன் ஸ்க்ராப் போடறவன், ஒருத்தன் கம்பி வாங்கறவன். ஒரே பக்கத்துல எழுதின அன்னைக்கு எனக்கு அரைநாள் சம்பளம் போச்சி.

இன்னாடா, பர்சை எடுக்கற? வை உள்ள. கடை நோட்டுல இன்னிக்கு டீயையும் ஏத்தியாச்சி. என் பக்கத்தைப் பாத்தியா? மூணு மாசமா என் பேருக்கு நேரா ஒரே வரிதான்: 'பேரன் பக்கம் பார்க்க'.

மாஸ்டர், அந்தப் பக்கத்தை இவன்கிட்ட காட்டு. அப்படியே எனக்கு இன்னொரு மசால்வடை.