படம் பார்த்துப் படிப்பவர்

'புத்தகத்தைப் படிக்காமல் படம் பார்க்க மாட்டேன்' என்று விரதம் இருப்பவருக்கு மந்தைவெளியில் மரியாதை அதிகம். ராத்திரி ஓடிடியில் படத்தைப் பார்த்து முடித்து, காலையில் மெட்ரோ பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு லஸ் பழைய புத்தகக் கடைக்கு நடப்பவருக்கு அது கிடையாது. வழியில் எதிர்ப்பட்டால் விரதக்காரர் விடமாட்டார்: "என்ன சார், கோனார் நோட்ஸைப் படிச்சுட்டுப் பாடப் புஸ்தகம் தேடறேளா?" இருந்தாலும் என் ஓட்டு நடக்கிறவருக்குத்தான், அதுவும் கதை, சர்வாதிகாரிகள் ஆளும் எதிர்காலத்தைப் பற்றியது என்றால் சந்தேகமே இல்லை. விரதக்காரர் படம் பார்ப்பதில்லை, தணிக்கை செய்கிறார். பிராட்பரியின் 1953 நாவலான 'பாரன்ஹீட் 451'ஐ த்ரூஃபோ 1966-ல் படமாக்கினார். புத்தகங்களைக் கொளுத்தும் நாடு என்பதால் தொடக்கத்தில் வரும் பெயர்களைக்கூட எழுத்தில் காட்டாமல் குரலில் சொல்ல வைத்தார். விரதக்காரர் காதில் அது விழாது. நாவலில் வரும் இயந்திர வேட்டைநாய் எங்கே என்று கடைசிவரை தேடிக்கொண்டிருப்பார். படத்தில் அது கிடையாது. மற்றவர் நிம்மதியாகப் பார்த்துவிட்டுப் புத்தகத்தைத் திறக்கிறார், நாய் பாய்கிறது. திரையில் கடைசிவரை இருந்த க்ளாரிஸ் இதில் சீக்கிரமே காணாமல் போகிறாள். தெரிந்த கதையில் இத்தனை அதிர்ச்சி வேறு யாருக்கு வாய்க்கும்?

நடிகரின் முகம் மனசில் ஒட்டிக்கொள்ளும் என்பார்கள். தொடர்கதை படித்து வளர்ந்த ஊரில் இது எடுபடாது. வந்தியத்தேவனைக் கல்கி குதிரையில் ஏற்றியபோதே மணியம் அவனுக்கு முகம் வரைந்துவிட்டார். முடிச்சு அவிழ்ந்துவிடுமே என்பது கொஞ்சம் கனமான ஆட்சேபம். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வைத் தூர்தர்ஷன் தொடராகப் பார்த்தவருக்கு ஜீவா யார் என்ற மர்மம் போச்சு, வாஸ்தவம். (யார் என்று இங்கே சொல்வதாக இல்லை, ஊரில் குடியிருக்க வேண்டும்.) ஆனால் அந்த நாவலின் பயம் மர்மத்தில் இல்லை. பிள்ளை பெற அரசு அனுமதி, பெயருக்கு இரண்டே எழுத்து என்று சட்டங்கள் சர்வ சாதாரணமாக வந்துபோகும் இடங்களில் இருக்கிறது. மர்மத்தைத் துரத்துபவர் அவற்றைத் தாண்டி ஓடிவிடுவார். முடிவு தெரிந்தவர் நின்று, தன் பெயரை விரல்விட்டு எண்ணுவார். இனிஷியலே மூன்று என்பதால் அங்கேயே கலங்கிவிடுவார்.

அடுத்த வெள்ளிக்கிழமை வேறு படம் வந்தால் நாவலுக்குள் பால் கார்டைச் செருகிவிட்டு எழுந்துவிடுவார் என்ற புகார் மட்டும் நிஜம். சரி, விரதக்காரர் மட்டும் என்ன? ஆர்வெலின் '1984' 1984-லேயே படமாக வந்தது. அவர் இன்னும் பார்க்கவில்லை. நாவலில் பாதி பாக்கி இருக்கிறதாம்.