ஸ்ட்ரெச்சரா, துப்பாக்கியா?

கம்பெனி காலத்து 'வங்காளப் படை'யில் வங்காளி இருந்தது, மைசூர்பாகில் மைசூர் இருக்கிற அளவுக்குத்தான். உள்ளே பெரும்பாலும் அவத்காரர்களும் பீகாரிகளும். 1857-ல் அவர்கள் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்ததும், வெள்ளைக்காரன் ஜாதகம் பார்த்து வீரர்களுக்குப் பட்டியல் போட்டான். பஞ்சாபி பாஸ், கூர்க்கா பாஸ், வங்காளி ஃபெயில். நம்ம ஆட்களும் தேறவில்லை. 1880களில் மதராஸ் படைக்குத் தலைமை வகித்த ராபர்ட்ஸ் துரைக்குத் தமிழ்ச் சிப்பாயைப் பார்த்தாலே கொட்டாவி.

1914-ல் உலகப்போர் வந்தது. "எங்களுக்கும் துப்பாக்கி கொடுங்கள்" என்றார்கள் வங்காளிப் பையன்கள். 1915-ல் கொடுத்தார்கள், ஸ்ட்ரெச்சர். வங்காள ஆம்புலன்ஸ் படை மெசபடோமியாவுக்குப் போனது. சுடக்கூடாது, சுடுபட்டவரைத் தூக்கலாம். இந்த விதி துருக்கியர் குண்டுக்குத் தெரியாது. கூட் முற்றுகையில் சிலர் கைதியாகவே மாட்டிக்கொண்டார்கள்.

1916-ல் மனமிரங்கி, வங்காளிகளுக்கென்றே காலாட்படைக்கு அனுமதி வந்தது. அதுதான் 49-வது பெங்காலிஸ் ஆனது. ஸ்ட்ரெச்சரைக் கீழே வைத்துவிட்டுத் துப்பாக்கிக்குத் தாவியவர்களில் ஒருவர் ரணதா பிரசாத் சாஹா, பிற்காலத்தில் பெரிய கொடைவள்ளல். புதுசாய்ச் சேர்ந்தவர்களை ஹவுராவில் ரயிலேற்றி, எல்லைப்புறத்து நவ்ஷெராவுக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். 1917-ல் பள்ளி இறுதித் தேர்வுக்கு டிமிக்கி கொடுத்துவிட்டு ஒரு பையனும் போனான். பெயர் நஸ்ருல் இஸ்லாம். போர்க்களம் என்று கிளம்பியவரைக் கராச்சியிலேயே நிறுத்தி, குவார்ட்டர்மாஸ்டர் ஹவில்தார் ஆக்கி, சாமான் கணக்குப் பார்க்க வைத்தார்கள். எதிரியை அவர் பார்க்கவே இல்லை. அங்கே ஒரு மௌலவியிடம் பாரசீகம் படித்தார், கதை எழுதினார். ராணுவத்தால் வங்க இலக்கியத்துக்கு லாபம்.

இன்னொருவருக்கு அந்தக் கணக்குப்பிள்ளை வேலைகூடக் கிடைக்கவில்லை. பேராசிரியர் ஓட்டனை மாணவர்கள் அடித்த விவகாரத்தில் பிரசிடென்சி கல்லூரியிலிருந்து துரத்தப்பட்ட அவர், சும்மா இருப்பானேன் என்று 49-வதில் சேரப் போனார். மற்ற சோதனையெல்லாம் தேறினார், கண்ணில் கோட்டைவிட்டார். மருத்துவ அதிகாரியிடம் கெஞ்சியும் பார்த்தார், நடக்கவில்லை. ஆளை விட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைப் பார்த்துவிட்டது சர்க்கார்.

விடுவாரா சுபாஷ் சந்திர போஸ்? 1917-ல் ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரியில் இடம் கிடைத்தது. பல்கலைக்கழக மாணவர்களுக்கென்று ஒரு படைப்பிரிவும் வந்தது. அங்கே இந்தக் கண்ணே போதுமாம்! காக்கி மாட்டி, கூடாரத்தில் தங்கி, கேப்டன் கிரேயின் அதட்டலுக்குக் கால் தூக்கி வைத்தார். வில்லியம் கோட்டைக்குள் துப்பாக்கி வாங்க அணிவகுத்துப் போனபோது, ஏதோ நமக்குச் சேரவேண்டிய சொத்தை மீட்கப் போவது மாதிரி இருந்ததாகப் பின்னால் எழுதினார். யார் யாருக்குப் பயிற்சி கொடுக்கிறோம் என்று கிரேக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

1941 ஜனவரியில் அதே போஸ், முகமது ஜியாவுதீன் என்ற இன்ஷூரன்ஸ்காரராகத் தப்பியபோது, கல்கா மெயிலை ஹவுராவில் பிடிக்கத் துணியவில்லை. அங்கே போலீஸ் கண்ணில் பட்டுவிடலாம். காரிலேயே வெகுதூரம் போய் கோமோவில் ஏறினார். சி.ஐ.டி.க்காரர்களுக்கும் ஒரு கண் பரிசோதனை வைத்திருக்கலாம்.

1943 ஜூலை 5, சிங்கப்பூர். எதிரே அணிவகுத்து நின்ற இந்திய தேசிய ராணுவத்தில் ஏராளமானோர் பிரிட்டிஷ் படையில் சேர்ந்து, அதன் சோதனையெல்லாம் தேறி, பிறகு கட்சி மாறியவர்கள். அடுத்து ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்தது மலாயாத் தோட்டங்களில் ரப்பர் பால் வெட்டிய தமிழர்கள், ராபர்ட்ஸ் துரையின் பட்டியலில் ஃபெயிலானவர்கள். சல்யூட்டை ஏற்றுக்கொண்டவர் அப்போதும் கண்ணாடிதான் போட்டிருந்தார்.